ஆதித்யாவில் வன் எக்ஸ் கதிர்ப் படம் ஏன் இல்லை? சூரிய வெடிப்பை எப்படித்தான் படம் பிடிக்கிறார்கள்?

அரசலாறு

கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன வாரம் ஆதித்யா எல்1 பற்றிப் பேச்சு வந்தது. சூட் கருவி எடுத்த புற ஊதாப் படங்களைச் செல்போனில் காட்டிவிட்டு, அதே கலத்தில் ஹீலியோஸ் என்று இன்னொன்று இருக்கிறது, சூரிய வெடிப்பில் வரும் வன் எக்ஸ் கதிரை, அதாவது ஆற்றல் கூடிய எக்ஸ் கதிரை, அது பார்க்கிறது என்றேன். உடனே ஒரு பெண், "அது எடுத்த படத்தையும் காட்டுங்க மிஸ்" என்றாள். தேடினேன். கிடைத்ததெல்லாம் ஈசிஜி மாதிரி ஏறி இறங்கும் கோடுதான். படம் ஒன்றுகூட இல்லை. மணி அடித்ததைச் சாக்கிட்டு "நாளைக்குச் சொல்கிறேன்" என்று வெளியே வந்துவிட்டேன், அந்த நாளை போய் ஐந்து நாளாகிறது. ஆஸ்பத்திரியில் கால் எலும்பையே எக்ஸ் கதிரில் எடுக்கிறார்கள், அவ்வளவு பெரிய சூரியனை எடுக்க முடியாதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.

வெட்டாறு

லென்ஸ் வாங்கக் காசு இருந்திருக்காது டீச்சர், வேறென்ன. படம் எடுக்காத கருவியைப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவானேன்.

கொள்ளிடக்கரை

வெட்டாறு அண்ணே, காசு இருந்தாலும் லென்ஸ் கிடைக்காது. இந்த ஆற்றலில் எக்ஸ் கதிரைக் கண்ணாடி வளைக்காது. ஒன்று உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும், இல்லை உள்ளேயே தொலைந்துவிடும்.

டீச்சர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வெறும் நிழல். விளக்கு ஒரு பக்கம், கால் நடுவில், தகடு அந்தப் பக்கம். சூரிய வெடிப்பில் நமக்கு வேண்டியது விளக்கின் படம். அதுதான் சிக்கல்.

ஹீலியோஸ் சுமார் 10 முதல் 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள ஃபோட்டான்களை எண்ணுகிறது. எந்த நொடியில் எத்தனை, ஒவ்வொன்றும் என்ன ஆற்றல், அவ்வளவுதான். சூரியன் முழுவதும் அதற்கு ஒரே புள்ளி. மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்ற கணக்கு சுத்தமாகக் கையில் இருக்கிறது, ஆனால் அது வெண்ணாற்றில் போகிறதா, கல்லணைக் கால்வாயில் போகிறதா, கொள்ளிடத்தில் போய்க் கடலில் விழுகிறதா என்று மட்டும் தெரியாது என்றால் எப்படியோ அப்படி. ஆனாலும் அந்தக் கணக்கை லேசாக எடைபோட வேண்டாம். எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகம் பிடித்தன என்பதை அதிலிருந்துதான் எடுக்கிறோம். 'எங்கே' என்பதற்குக் கூடவே சூட் இருக்கிறது. 2024 பிப்ரவரி 22இல் வந்த எக்ஸ்6.3 என்ற பெரிய வெடிப்பில் சூட்டின் படத்தையும் ஹீலியோஸின் எண்ணிக்கையையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

படமே எடுக்கும் கருவிகளும் உண்டு. ஸ்டிக்ஸ் என்ற ஒன்றின் தரவோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவன் நான், ஊர் அணைக்கரை. இரவு சாப்பிட்டுவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

வெட்டாறு

சாப்பிட்டுவிட்டே வா தம்பி. நானும் ராத்திரி மோட்டாருக்கு விழித்திருக்க வேண்டியவன்தான், மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்.

முடிகொண்டான்

நன்னிலம் பக்கம் அமெச்சூர் ரேடியோ வைத்திருக்கிறேன். பகலில் சிற்றலை திடீரென்று செத்துப்போனால் முதலில் ஆன்டெனாவைத் திட்டுவேன், அப்புறம்தான் வெடிப்பு என்று தெரியவரும். வெடிப்பின் மென் எக்ஸ் கதிர் அயனி மண்டலத்தின் அடித்தட்டை அடித்து, நம் அலையை அங்கேயே விழுங்க வைத்துவிடுகிறது. ஆனால் இந்த வன் கதிர் யார், எங்கிருந்து கிளம்புகிறது என்று நானும் சரியாகப் படித்ததில்லை. தம்பி எழுதட்டும்.

கொள்ளிடக்கரை

வந்துவிட்டேன்.

வெடிப்பு என்பது சூரியனின் மேல் வளிமண்டலத்தில் முறுக்கிக்கொண்டிருந்த காந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைவது. அதில் விடுபடும் ஆற்றலில் ஒரு பெரும்பங்கு எலக்ட்ரான்களை முடுக்குவதில் போகிறது. அந்த எலக்ட்ரான்கள் காந்த வளைவு வழியாக இரண்டு பக்கமும் சறுக்கிக் கீழே வந்து, காலடியில் இருக்கும் அடர்த்தியான வாயுவில் மோதி நிற்கின்றன. திடீர் பிரேக் போட்டதால் வன் எக்ஸ் கதிர். ஆகவே சாதாரணமாகப் பார்க்கக் கிடைப்பது இரண்டு பொட்டு, வளைவின் காலுக்கு ஒன்று.

அளவு எப்படி என்றால், ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு வில்நொடி. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனில் ஒரு வில்நொடி என்பது சுமார் 725 கிலோமீட்டர். முழுச் சூரியன் 1900 வில்நொடிக்குக் கொஞ்சம் மேல். பொட்டுகளோ சில வில்நொடிதான். இதை லென்ஸ் இல்லாமல் பிரிக்க வேண்டும்.

அரசலாறு

லென்ஸ் இல்லாத கேமரா என்றால் ஊசித்துளைக் கேமரா இருக்கிறதே. எங்கள் வீட்டுக் கீற்றுக் கொட்டகைக்குள் மத்தியானம் தரையெல்லாம் வட்ட வட்டமாக விழும், ஓட்டை எந்த வடிவில் இருந்தாலும் விழுவது வட்டம்தான். அது சூரியனுடைய படம் என்று பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன்.

முடிகொண்டான்

2019 டிசம்பர் 26 காலை கிரகணத்தன்று அந்த வட்டமெல்லாம் பிறையாக மாறியதே, பார்த்தீர்களா டீச்சர்? வளையம் முழுசாகத் தெரிந்த பாதை திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனது. எங்களுக்குப் பிறைதான். மாட்டுக் கொட்டகைத் தரை முழுக்க நூறு பிறை. மாடு மட்டும் கண்டுகொள்ளவில்லை.

கொள்ளிடக்கரை

டீச்சர், சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஊசித்துளை எக்ஸ் கதிருக்கும் வேலை செய்யும். ஆனால் ஒன்றரை மீட்டர் நீளக் குழாயில் 2 வில்நொடியைப் பிரிக்க வேண்டுமானால் துளை 15 மைக்ரான் இருக்க வேண்டும், தலைமுடியின் கனத்தில் கால்வாசிகூட இல்லை. அதன் வழியாக ஒரு வெடிப்பு முழுக்க எத்தனை ஃபோட்டான் நுழையும்? விரல்விட்டு எண்ணலாம். போதாக்குறைக்குப் பின்னால் இருக்கும் உணரியும் 15 மைக்ரான் கட்டங்களாக இருக்க வேண்டும். வன் கதிரை நிறுத்த உணரி தடிமனாக வேண்டும், தடிமனான உணரியை அவ்வளவு பொடியாக நறுக்க முடியாது.

சரி, ஒரு ஓட்டைக்குப் பதில் ஆயிரம் ஓட்டை போட்டால்? படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலந்துவிடும், பிறகு கணக்குப் போட்டுப் பிரிக்கலாம். குறிமறைப்பு முகமூடி என்று அதற்குப் பெயர். 2015இல் ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் ஒரு கருவியில் அதுதான் இருக்கிறது. ஆனால் உணரியைப் பொடியாக நறுக்கும் தொல்லை அதிலும் தீராது, அதனால் சூரியனுக்கு வேண்டிய கூர்மை வராது.

தீர்த்துவைத்தது கிராதி. ஜன்னல் கிராதி மாதிரி இணையான பட்டைகளும் இடைவெளிகளும் கொண்ட டங்ஸ்டன் தகடு. ஒன்றை முன்னால் வை, அதே மாதிரி இன்னொன்றைப் பின்னால் வை, அதற்குப் பின்னால் ஒரு பெரிய மொக்கை உணரி, கட்டம் கிட்டம் எதுவும் வேண்டாம். ஒளி நேராக வந்தால் முன் இடைவெளியில் நுழைந்தது பின் இடைவெளியிலும் நுழையும். துளி சாய்வாக வந்தால் பின் பட்டையில் முட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் அடுத்த இடைவெளி கிடைத்துவிடும். அதாவது வானத்தையே வரிவரியாகச் சலிக்கிறது. ஜப்பானியர் மினோரு ஓடா 1960களில் கொண்டுவந்த யோசனை இது. கூர்மையைத் தீர்மானிப்பது கிராதியின் இடைவெளியும் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமும்தான், உணரிக்கு அதில் வேலையே இல்லை.

வெட்டாறு

கிராதி வழியாகப் பார்த்தால் வெளிச்சம் வந்தது, வரவில்லை என்று இரண்டு விஷயம்தான் தெரியும். படம் எங்கே தம்பி?

கொள்ளிடக்கரை

சுற்ற வேண்டும் அண்ணே. ரெஸ்ஸி என்று அமெரிக்கக் கலம், 2002 பிப்ரவரி 5இல் ஏவினார்கள், 2018 வரை ஓடியது, 2023 ஏப்ரலில் திரும்பி வந்து விழுந்தது. கலம் முழுவதும் நிமிஷத்துக்குச் சுமார் 15 சுற்று பம்பரம் மாதிரி சுழலும். உள்ளே ஒன்பது ஜோடி கிராதி, ஜோடிக்குள் இடைவெளி 1.55 மீட்டர். மிக நெருக்கமான கிராதியில் ஒரு பட்டையும் ஒரு இடைவெளியும் சேர்ந்து 34 மைக்ரான், மிக அகலமானதில் 2.75 மில்லிமீட்டர். 34 மைக்ரானில் பாதியை 1.55 மீட்டரால் வகுத்துப் பாருங்கள், சுமார் 2.3 வில்நொடி வரும். பின்னால் ஒன்பது ஜெர்மானியப் படிகம், மைனஸ் இருநூறு டிகிரிக்குப் பக்கத்தில் குளிர வைத்தது.

சுழலும்போது வெடிப்பின் எக்ஸ் கதிர் ஒவ்வொரு ஜோடியிலும் விட்டு விட்டு வரும். வேலிப் படல் ஓரமாக சைக்கிளில் போகும்போது அந்தப் பக்கத்து விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்குமே, அது. மினுக்கல் வேகமாக வருகிறதா, மெதுவாக வருகிறதா, எப்போது உச்சம், எவ்வளவு ஆழம், எல்லாமே பொட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. மையத்திலிருந்து தள்ளி இருந்தால் வேகமாக மினுக்கும். பொட்டு கிராதி இடைவெளியைவிட அகலமாக இருந்தால் மினுக்காது, சும்மா மங்கலாக எரியும். அரைச் சுற்றில், அதாவது இரண்டு நொடியில், ஒன்பது ஜோடியும் எல்லாத் திசையிலும் வானத்தைச் சலித்துவிடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, கலம் ஆடாமல் நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்பது. அது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒவ்வொரு கணமும் தெரிந்தால் போதும், ஆட்டத்தைப் பிறகு கணக்கில் கழித்துவிடலாம். அதற்கென்று சூரிய விளிம்பைப் பார்க்கும் தனிக் கருவி ஒன்று உள்ளே இருந்தது.

திருபுவனம்தறி

பட்டுத் தறிக்காரன் நான், நடுவில் நுழைகிறேன். 34 மைக்ரான் கிராதியை ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னொன்றோடு நேர் வைப்பது எப்படி? தறியில் அச்சு, அதாவது பாவு நூல் நுழைகிற சீப்பு, ஒரு நூல் பிசகினாலே பாவு சொல்லிவிடும்.

கொள்ளிடக்கரை

வைத்தார்கள், அதுதான் அதிசயம். இடவலம் கொஞ்சம் விலகினால் பாதகம் இல்லை அண்ணே, அளந்து வைத்துக் கழித்துவிடலாம். ஒன்றுக்கு ஒன்று முறுக்கிக்கொண்டால்தான் போச்சு. ஏவுவதற்கு முன், 2000இல், அதிர்வுச் சோதனையில் அளவுக்கு மேல் குலுக்கிவிட்டுக் கலமே அடிபட்டது, சரிசெய்துதான் அனுப்பினார்கள்.

முடிகொண்டான்

மினுக்கலின் உச்சம், ஆழம் என்றெல்லாம் சொல்வதைப் பார்த்தால் ரேடியோ இன்டர்ஃபெராமீட்டர், அதாவது பல தட்டுகளைச் சேர்த்து ஒரே தொலைநோக்கி ஆக்குவது, அதன் வாடை அடிக்கிறதே. புனே பக்கம் முப்பது தட்டு வைத்திருக்கிறார்களே, ஒவ்வொரு ஜோடித் தட்டும் வானத்தின் ஒரு ஃபூரியே கூறை (படத்தை வரிவரியான அலைகளாகப் பிரித்தால் அதில் ஒரு அலை) அளக்கும், அதையெல்லாம் சேர்த்தால் படம். இங்கேயும் ஒவ்வொரு கிராதி ஜோடியும் ஒரு ஃபூரியே கூறா?

கொள்ளிடக்கரை

அதேதான் சார். பெயர்கூட அங்கிருந்து கடன் வாங்கியதுதான், விசிபிலிட்டி என்றே சொல்வோம். சுழலாத கலத்தில் ஒரு ஜோடிக்கு ஒரு கூறு. 1991இல் ஜப்பான் ஏவிய யோகோ என்ற கலத்தில் 64 ஜோடி. சோலார் ஆர்பிட்டர் என்ற ஐரோப்பியக் கலத்தில் இருக்கும் ஸ்டிக்ஸில் படத்துக்கென்று 30. 2022 அக்டோபரில் சீனா ஏவிய கலத்தின் கருவியில் 91.

முடிகொண்டான்

ஆகா, புனேயிலும் முப்பது, ஸ்டிக்ஸிலும் முப்பது!

கொள்ளிடக்கரை

அங்கேதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். முப்பது தட்டை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடி வரும் சார். எங்களுக்கு முப்பது என்றால் முப்பதேதான். முப்பது அளவை வைத்து ஒரு படம் போட வேண்டும், நெல்லைப் பார்க்காமல் முப்பது கேள்வி கேட்டு மூட்டையில் இருப்பது பொன்னியா, குள்ளக்காரா என்று சொல்கிற மாதிரி.

வெட்டாறு

நான் கேட்காமலே சொல்லிவிடுவேன், முகர்ந்து பார்த்தால் போதும்.

இரு தம்பி, இப்போது புரிகிறது. இது படமே இல்லை. எண்ணிக்கையை வாங்கிக் கணினியில் போட்டு நீங்களாக வரைகிறீர்கள். பிறகு சிவப்பு மஞ்சள் பூசிப் பத்திரிகையில் "சூரியனைப் படம் பிடித்தோம்" என்று போடுகிறீர்கள். இதற்கும் ஜாதகக் கட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? கோபப்படாதே, நிஜமாகத்தான் கேட்கிறேன்.

கொள்ளிடக்கரை

கோபம் இல்லை அண்ணே. நானே முதல் வருடம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டுக்கொண்ட கேள்வி. பதில் எழுதுகிறேன், அதற்கு முன் ஸ்டிக்ஸ் எப்படிச் சுழலாமல் வேலை செய்கிறது என்று சொல்லாவிட்டால் பாதியில் நிற்கும்.

திருபுவனம்தறி

அதை நான் ஊகித்துச் சொல்லட்டுமா? இரண்டு அச்சை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், பல்லைவிடப் பல மடங்கு அகலமாகக் கறுப்புப் பட்டை தெரியும். ஒன்றை மயிரிழை நகர்த்தினால் பட்டை சாண் தூரம் ஓடும். என் அப்பா அந்தப் பட்டை வளைகிறதா என்று பார்த்துத்தான் அச்சில் பல் கோணியிருப்பதைக் கண்டுபிடிப்பார். கண்ணுக்குத் தெரியாத கோணல் பட்டையில் பெரிதாகத் தெரியும்.

கொள்ளிடக்கரை

அண்ணே, கையைக் கொடுங்கள்! இதை எனக்குப் பாடம் எடுத்தவர் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. அந்தப் பட்டைக்கு மோரே என்று பெயர், அந்தச் சொல்லே பட்டுத் துணியிலிருந்து வந்தது, தண்ணீர் அலை மாதிரி மினுமினுக்கிற பட்டு இருக்குமே, அதன் பெயர்.

ஸ்டிக்ஸில் முன் கிராதியும் பின் கிராதியும் வேண்டுமென்றே துளி வித்தியாசம். இடைவெளியும் கொஞ்சம் வேறு, சாய்வும் கொஞ்சம் வேறு. இரண்டுக்கும் நடுவே 55 சென்டிமீட்டர். மிக நெருக்கமானது 38 மைக்ரான். இந்த 38 மைக்ரான் சமாசாரம் உணரியின் மேல் சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரே ஒரு மோரே பட்டையாக விரிந்து விழும். உணரியை நாலே நாலு பத்தியாகப் பிரித்தால் போதும். மூன்றாவது பத்தியிலிருந்து முதலாவதைக் கழி, நாலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி, பட்டை எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது இரண்டும் கிடைத்துவிடும். ஒரு ஃபூரியே கூறு முடிந்தது. அடுத்த ஜோடிக்குப் போ.

கூர்மை 7 வில்நொடிதான், ரெஸ்ஸியைவிடக் குறைவு. ஆனால் சோலார் ஆர்பிட்டர் சூரியனுக்குப் பக்கத்தில், பூமி இருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கிட்டத்தில் போய் வரும். அங்கிருந்து 7 வில்நொடி என்றால் சுமார் 1500 கிலோமீட்டர், பூமியிலிருந்து 2 வில்நொடி பார்ப்பதற்குச் சமம். கண் மங்கலானவர் புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொள்வது மாதிரி.

பாமினி

மன்னார்குடி, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி வீட்டில் செய்து பார்த்தேன், வரவில்லை. முதலில் கொசுவலையை இரண்டாக மடித்து டார்ச் அடித்தேன். பட்டை வந்தது, ஆனால் கோலம் மாதிரி கண்டபடி நெளிந்தது, அம்மா வேறு வலையைக் கிழிக்கிறாயா என்று சத்தம். அப்புறம் ஓஎச்பி தாளில் 1 மி.மீ. கறுப்பு, 1 மி.மீ. வெள்ளை என்று கோடு அச்சடித்து இரண்டு தாள் எடுத்தேன். இரண்டுக்கும் நடுவே அரை மீட்டர். செல்போன் டார்ச் 3 மீட்டர் தள்ளி. ரெஸ்ஸி மாதிரி டார்ச்சை நகர்த்த நகர்த்த மொத்த வெளிச்சமும் வரும், போகும் என்று எதிர்பார்த்தேன். அப்படி வரவில்லை. பின் தாளுக்குப் பின்னால் வைத்த வெள்ளைக் காகிதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை விழுந்தது. எங்கே தப்பு?

கொள்ளிடக்கரை

தம்பி, தப்பே இல்லை. தெரியாமலே ஸ்டிக்ஸ் கட்டிவிட்டாய்!

சூரியன் வெகு தூரம், ஒளி இணையாக வரும், முன் கிராதியின் நிழல் அதே அளவில் பின் கிராதியில் விழும். உன் டார்ச் மூன்றே மீட்டரில் இருக்கிறது, நிழல் விரிகிறது. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த 2 மி.மீ., மூன்றரையை மூன்றால் வகுத்தால் எவ்வளவோ அவ்வளவு பெருகி 2.33 ஆகிவிட்டது. 2.33 நிழலும் 2 மி.மீ. தாளும் மோதினால் மோரே, கணக்குப் போட்டால் பட்டை 14 மி.மீ. வரும். நீ பார்த்த ஒன்றரை சென்டிமீட்டர். அவர்கள் தனித்தனியாகச் செதுக்கிய வித்தியாசத்தை உனக்கு டார்ச் சும்மா கொடுத்துவிட்டது.

இப்போது டார்ச்சை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்து. 14 மி.மீ. நகர்ந்தால் பட்டை ஒரு முழுப் படி ஓடியிருக்கும். அப்புறம் டார்ச்சுக்குப் பதில் அதே இடத்தில் ஒரு குண்டு எல்இடி பல்பு வைத்துப் பார்.

பாமினி

செய்தேன் அண்ணா. டார்ச் நகர்ந்தால் பட்டை ஓடுகிறது. பல்பு வைத்தால் பட்டையே இல்லை, வெறும் சாம்பல். தாள் சரிந்துவிட்டதோ என்று மூன்று தடவை பார்த்தேன்.

கொள்ளிடக்கரை

சரியவில்லை. பல்பு ஆறு சென்டிமீட்டர் அகலம். அதன் ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று ஒரு பட்டை போடுகிறது, ஒன்றின் கறுப்பில் மற்றதன் வெளுப்பு விழுந்து எல்லாம் நிரவிப்போச்சு. பட்டை நிற்கும் இடம் விளக்கு எங்கே என்று சொல்கிறது, பட்டையின் அழுத்தம் விளக்கு எவ்வளவு பெரிது என்று சொல்கிறது. நெருக்கக் கிராதியில் பட்டை அழிந்து அகலக் கிராதியில் இருந்தால் பொட்டின் அளவு இரண்டுக்கும் நடுவில். இதற்காகத்தான் பல அளவில் கிராதி.

அரசலாறு

தம்பி பாமினி, அந்தத் தாளின் கோப்பை இங்கேயே போடுங்களேன். செவ்வாய்க்கிழமை லேபில் செய்து காட்டுகிறேன். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றதற்கு வட்டியோடு கொடுத்தாயிற்று என்று இருக்கட்டும்.

வெட்டாறு

எல்லாம் சரி. என் கேள்வி வரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.

கொள்ளிடக்கரை

மறக்கவில்லை அண்ணே.

முப்பது அளவை வைத்து நேரடியாகப் பின்னோக்கி வரைந்தால் வருகிற படம் அழுக்காக இருக்கும், நிஜப் பொட்டைச் சுற்றிப் பேய்ப் பொட்டுகள். ரேடியோக்காரர்களுடைய 'க்ளீன்' என்ற முறை இருக்கிறது. மிகப் பிரகாசமான இடத்தை எடு, ஒரே ஒரு புள்ளி விளக்கு இருந்தால் என்னென்ன பேய் வருமோ அதில் கொஞ்சத்தைக் கழி, மறுபடி பார், மறுபடி கழி, மிச்சம் வெறும் இரைச்சல் ஆகும்வரை. இன்னொரு முறை, அளவுகளோடு பொருந்தும் படங்களிலேயே தேவையில்லாத விவரம் குறைந்த படத்தைத் தேடும். மூன்றாவது, "இரண்டு வட்டம் என்று வைத்துக்கொள்வோம், எங்கே வைத்தால் பொருந்தும்" என்று பார்க்கும்.

இந்த மூன்றும் ஒரே இரண்டு பொட்டைக் காட்டினால் நான் நம்புவேன். ஒன்றில் மட்டும் அழகாக ஒரு வால் தெரிந்தால் அந்த வாலை நம்பமாட்டேன். கட்டுரைகளில் அந்த மாதிரி வாலைப் பிடித்துக்கொண்டு கதை கட்டியவர்களும் இருக்கிறார்கள், உங்கள் சந்தேகம் வீண் இல்லை. நல்ல நிலையிலேயே பெரிய பொட்டின் ஐம்பதில் ஒரு பங்கைவிட மங்கலானது பக்கத்தில் இருந்தால் ரெஸ்ஸியால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஜாதகத்துக்கும் இதற்கும் வித்தியாசம், இதை வெளியிலிருந்து சோதிக்கலாம். சம்பந்தமே இல்லாத வேறு தொலைநோக்கி அதே நிமிஷம் புற ஊதாவில் எடுத்த படத்தில் இரண்டு நாடா பளபளக்கும், நம் எக்ஸ் கதிர்ப் பொட்டுகள் அந்த நாடாவின் மேலேயே போய் உட்காரும். யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை.

எதிர்பார்க்காததும் வந்திருக்கிறது. 1992 ஜனவரி 13 வெடிப்பில் யோகோவுக்கு இரண்டு காலடியோடு மூன்றாவதாக ஒன்று தெரிந்தது, வளைவின் உச்சிக்கும் மேலே, அடர்த்தி ரொம்பக் குறைந்த இடத்தில். அங்கே வன் எக்ஸ் கதிர் வர நியாயமே இல்லை என்று நினைத்திருந்தார்கள். மசுடா என்ற ஆய்வாளர் கண்டுபிடித்ததால் அவர் பெயரிலேயே மசுடா வெடிப்பு என்கிறோம். வேறு கணக்குமுறை போட்டுப் பார்த்தும் அந்தப் பொட்டு அழியவில்லை. எலக்ட்ரான்கள் முடுக்கம் பெறும் இடம் வளைவுக்கு மேலே என்று சொல்ல அது பெரிய சாட்சி ஆனது.

அப்புறம் 2002 ஜூலை 23. ரெஸ்ஸி முதல் தடவையாக ஒரு காமாக் கதிர்க் கோட்டில் படம் போட்டது, 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட், நியூட்ரான் ஒன்று ஹைட்ரஜனில் ஒட்டிக்கொள்ளும்போது வருவது. அதாவது புரோட்டான் முதலான அயனிகள் எங்கே மோதின என்று காட்டுவது. அது எலக்ட்ரான் பொட்டின் மேலேயே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பார்த்தால் சுமார் 20 வில்நொடி தள்ளி இருந்தது. இடையில் பூமியையே வைக்கலாம். நாங்களாக வரைவதாக இருந்தால் நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் அல்லவா வரைந்திருப்போம்?

வெட்டாறு

கடைசி வரி நியாயம். மீதியை மோட்டார் போட்டுவிட்டு வந்து இன்னொரு தடவை படிக்கிறேன்.

முடிகொண்டான்

எலக்ட்ரானிக்ஸ் ஆள் என்பதால் ஒன்று கேட்கிறேன். பெரிய வெடிப்பில் ஃபோட்டான்கள் மளமளவென்று வரும்போது இரண்டு ஒட்டி வந்தால் உணரி ஒன்றாகத்தானே எண்ணும்?

கொள்ளிடக்கரை

ஆமாம் சார், 20ம் 20ம் சேர்ந்து 40 என்று பொய்க் கணக்கு ஏறிவிடும். அதற்காக ரெஸ்ஸியில் அலுமினியத் தகடுகள் தானாக உணரிக்கு முன்னால் வந்து நிற்கும், மதகுப் பலகை இறக்குவது மாதிரி. மென் கதிர் குறையும், வன் கதிர் ஊடுருவி வந்துவிடும். அப்படியும் கொஞ்சம் பொய் தங்கத்தான் செய்யும், கையால் திருத்த வேண்டும். எங்கள் வேலையில் பாதி அதுதான்.

பாமினி

கண்ணாடி வைத்துக் குவிக்கவே முடியாதா அண்ணா? நூஸ்டார் என்ற விண்வெளித் தொலைநோக்கி குவிக்கிறது என்று படித்தேன்.

கொள்ளிடக்கரை

முடியும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கையாக விசிறினால் தத்தித் தத்திப் போகும், செங்குத்தாகப் போட்டால் முழுகும். எக்ஸ் கதிரும் கண்ணாடியை உரசிக்கொண்டு போனால் தத்தும், ஆனால் ஆற்றல் ஏற ஏற அந்தக் கோணம் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் குழாய்க்குள் குழாயாக நிறைய அடுக்க வேண்டும். நூஸ்டாரில் 133 அடுக்கு, குவியத் தூரம் 10 மீட்டர், 79 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. சூரியனையும் பார்த்திருக்கிறது, ஆனால் அது மங்கலான வானத்துக்குச் செய்தது, பெரிய வெடிப்பைப் பார்த்தால் திணறிவிடும். சூரியனுக்கென்றே ஃபாக்ஸி என்று ராக்கெட்டில் அனுப்புகிறார்கள். ராக்கெட் என்றால் சில நிமிஷம்தான் கிடைக்கும். 2024 ஏப்ரல் 17இல் அலாஸ்காவில் வெடிப்பு கிளம்பும்வரை ராக்கெட்டைத் தயாராக வைத்துக் காத்திருந்து ஏவிப் பிடித்தார்கள். பெரிய பொட்டுக்குப் பக்கத்திலேயே மங்கலான பொட்டைப் பார்க்க வேண்டுமானால் வழி இதுதான் என்பது என் கட்சி. நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே கிராதியை விட்டால் இப்போதைக்குக் கதி இல்லை.

அரசலாறு

செவ்வாய்க்கிழமை செய்தேன். லேபில் நீளம் போதவில்லை, சத்துணவுக் கூடத்தில் பெஞ்சைத் தள்ளிவிட்டுச் செய்தோம். பட்டை வந்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியரே வந்துவிட்டார். அந்தப் பெண் கேட்ட கேள்வி: "மிஸ், இரண்டு சின்ன விளக்கு 7 மி.மீ. தள்ளி இருந்தால் ஒன்றின் கறுப்பில் மற்றதன் வெளுப்பு விழுந்து பட்டை அழிந்துவிடும். பல்பு வைத்தாலும் அழிகிறது. எது எது என்று எப்படிச் சொல்வீர்கள்?" இந்த முறை மணி அடிக்கவில்லை, மாட்டிக்கொண்டேன்.

கொள்ளிடக்கரை

ஐயோ, அந்தப் பெண்ணை எங்கள் குழுவுக்கு அனுப்புங்கள் டீச்சர். ஒரே ஜோடியை வைத்துச் சொல்ல முடியாது, அதனால்தான் முப்பது. உங்களிடம் வேறு கிராதி இல்லாவிட்டாலும் வழி உண்டு. பின் தாளை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குத் தள்ளுங்கள். கூர்மை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும், விளக்கு 8 மி.மீ. நகர்ந்தாலே பட்டை ஒரு முழுப் படி ஓடும். 7 மி.மீ. தள்ளி இருக்கும் இரண்டு விளக்கின் பட்டைகளும் அப்போது கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று விழும், பட்டை திரும்பி வந்துவிடும். பல்புக்கு வராது.

அரசலாறு

வியாழக்கிழமை. கடையில் இரண்டு சின்ன எல்இடி வாங்கி அட்டையில் 7 மி.மீ. தள்ளிச் சொருகினேன். ஒரு பெட்டியில் அது, இன்னொரு பெட்டியில் குண்டு பல்பு, எது எதில் என்று எனக்கும் உதவியாளருக்கும் மட்டும் தெரியும். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை விளக்குக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, காகிதத்தை மட்டும் பார்க்கச் சொன்னோம். அரை மீட்டரில் இரண்டு பெட்டியும் சாம்பல். ஒரு மீட்டரில் முதல் பெட்டி சாம்பல், இரண்டாவதில் மங்கலாகப் பட்டை. எழுந்துபோய்க் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டாள், பக்கத்தில் இரண்டு புள்ளி போட்டாள், புள்ளிகளுக்கு நடுவே "7 அல்லது 8" என்று எழுதினாள்.

வெட்டாறு

சரி டீச்சர், அது படம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, அந்தச் சிவப்பும் மஞ்சளும் நீங்கள் பூசியதுதானே?

கொள்ளிடக்கரை

ஆமாம் அண்ணே. அது பூசியதுதான்.